திறந்து காட்ட முடியாத சரக்கு

துவரம் பருப்பு வாங்க வரும் அம்மா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். மிளகென்றால் விரலால் நசுக்கிப் பார்க்கிறார். நெய்யென்றால் புறங்கையில் தேய்த்து முகர்கிறார். நாம் மண்டிக்குப் போனாலும் இதே கதைதான். மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, ஊதி, கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். பார்க்காமல் வாங்கச் சொல்லும் வியாபாரியின் கடைப் பக்கம் மறுமுறை நாம் போவதில்லை.

இதற்கு நேர்மாறான சரக்கு ஒன்று உலகில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விற்பனையாகிக் கொண்டிருக்கிறது. வாங்குபவர் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அந்த நொடியிலேயே சரக்கு அவருக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருள். காசு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. மேடை மாயவித்தைக்கான பெரிய சாதனங்களைச் செய்து விற்கும் பட்டறைகளைத்தான் சொல்கிறோம். பெண்ணை இரண்டாக அறுக்கும் பெட்டி, ஆளை மறையச் செய்யும் அலமாரி, படுத்திருப்பவரை அந்தரத்தில் மிதக்கவிடும் மேசை இவையெல்லாம் அந்தப் பட்டறைகளின் சரக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பிழைக்கவே முடியாத தொழிலாகத் தெரியும். பெட்டியில் இருப்பது பலகை, கீல், துணி, வர்ணம். இவற்றின் அடக்க விலை எந்தத் தச்சருக்கும் தெரியும். மீதி விலை முழுவதும் உள்ளே இருக்கும் யோசனைக்கு. அந்த யோசனையை ஒருமுறை பார்த்தவர் ஊருக்குப் போய்த் தம் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். வாடிக்கையாளர்களோ மிகச் சிலர். ஒரு பெரிய நகரத்தில் மளிகை வாங்காத வீடு கிடையாது. ஆளை அறுக்கும் பெட்டி வாங்கும் வீடு எத்தனை இருக்கும்? வாங்கியவரும் அதை இருபது ஆண்டு வைத்துப் பிழைப்பார். அடுத்த மாதமே இன்னொன்று வாங்க வரமாட்டார். இத்தனைக்கும் நடுவில் இத்தொழிலில் தலைமுறை தாண்டி நின்ற கடைகள் உண்டு. அவர்கள் சரக்கை எப்படி விற்றார்கள் என்பது நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

டிக்கெட் விற்பவர் வேறு, பெட்டி விற்பவர் வேறு

மாயவித்தை விளம்பரம் என்றாலே மேடைக் கலைஞர்களின் ஆர்ப்பாட்டமான விளம்பரம்தான் நினைவுக்கு வரும். 1921 ஜனவரி 17 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி. டி. செல்பிட் என்பவர் பெட்டிக்குள் ஒரு பெண்ணை வைத்து ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். (செல்பிட் என்பது அவருடைய குடும்பப் பெயரான டிபில்ஸ் என்பதை ஏறக்குறையத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்ட பெயர். கடைக்குப் பெயர் வைப்பதில் இதுவும் ஒரு வழி!) காட்சிகளுக்கு இடையில் அரங்க ஊழியர்கள் சிவப்பு நீர் நிரம்பிய வாளிகளைக் கொண்டுவந்து தெருச் சாக்கடையில் கொட்டினார்கள். அரங்க வாசலில் ஆம்புலன்ஸ் வண்டி நின்றது. அமெரிக்காவில் இதே வித்தையைத் தம் பாணியில் செய்த ஹோரஸ் கோல்டின், ரம்பம் தவறினால் உதவிக்குப் போகிறோம் என்று பலகை மாட்டிய ஆம்புலன்ஸை ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்.

நம் நாட்டுக் கலைஞரும் இதில் பின்தங்கவில்லை. வங்காளத்துப் பி. சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஓர் இளம் பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்தார். பெண்ணை எழுப்பிக் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பெண் செத்துவிட்டாள் என்று பதறிய நேயர்களின் தொலைபேசி அழைப்புகளால் பிபிசியின் இணைப்பகம் திணறியது. மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் அவருடைய காட்சிகளுக்கு இருக்கைகள் நிரம்பி வழிந்தன. காலணா செலவில்லாமல் கிடைத்த விளம்பரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் டிக்கெட் விற்கும் வழிகள். பொதுமக்கள் ஆயிரம் பேரை ஒரு இரவுக்கு உள்ளே இழுக்க ஆம்புலன்ஸ் உதவும். பெட்டி செய்து விற்பவருக்கு அது எதற்கும் உதவாது. அவருடைய வாடிக்கையாளர் அந்தக் கலைஞரேதான். சாக்கடையில் கொட்டியது சாயத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். எனவே பெட்டிக்காரர் வேறு வழி தேட வேண்டும். பொதுமக்களிடம் விற்பவரின் பாணியைப் பார்த்து மொத்த வியாபாரி விளம்பரம் செய்யத் தொடங்கினால் பணம்தான் விரயமாகும். நம்மிலும் சிலர் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டுவிட்டுச் சில்லறைக் கடைக்காரர் வரவில்லையே என்று வருந்துகிறார்கள்.

விலைப்பட்டியல் பேசும் பேச்சு

பெட்டிக்காரரின் முதல் விற்பனையாளர் அவருடைய அச்சிட்ட விலைப்பட்டியல். அதில் ஒரு விநோதமான கட்டுப்பாடு உண்டு. சபையோருக்கு என்ன தெரியும் என்பதை வர்ணிக்கலாம். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு சொல்கூட எழுதக் கூடாது. 'உதவியாளர் அலமாரிக்குள் நுழைகிறார், கதவு மூடப்படுகிறது, மீண்டும் திறந்தால் உள்ளே யாரும் இல்லை' என்பதோடு வர்ணனை நின்றுவிட வேண்டும். மாயவித்தைக் கடைகளில் வழக்கமாக இன்னொரு விதியும் உண்டு. ரகசியம் கைமாறிய பிறகு சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை. பிரித்த பிஸ்கட் பொட்டலத்தை நாம் திருப்பி எடுக்காத மாதிரிதான். ஆனால் இங்கே பொட்டலத்தின் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளமாக இருக்கும்.

இப்படிப்பட்ட வியாபாரத்தில் வர்ணனையைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் ஒரு தடவை விற்றுவிடலாம். வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் முகம் சுளிப்பார். 'இதற்கா இத்தனை விலை!' என்பது இத்தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் வார்த்தை; ஏனென்றால் நல்ல வித்தைகளில் பல உள்ளே பார்த்தால் மிக எளிமையானவை. அந்த ஏமாற்றம் இருந்தே தீரும். அது கோபமாக மாறாமல் இருக்கப் பட்டியலில் வேறு தகவல்கள் சரியாக இருக்க வேண்டும்.

அவை எவை? சாதனத்தை நாற்புறமும் சபையோர் சூழ்ந்திருக்கும்போது காட்டலாமா, முன்னால் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டுமா? மேடையில் கீழ்க்கதவு தேவையா? எத்தனை உதவியாளர்கள், அவர்கள் எவ்வளவு உயரம் இருக்கலாம்? மடித்தால் என்ன அளவு, வண்டியில் ஏறுமா, அரங்கத்து வாசலில் நுழையுமா? பூட்ட எவ்வளவு நேரம், எத்தனை பேர்? இவை எதுவும் ரகசியத்தை வெளியிடுவதில்லை. ஆனால் ஊர் ஊராகப் போகும் கலைஞருக்கு ரகசியத்தைவிட இவைதான் முக்கியம். பெட்டி எவ்வளவு அழகாக ஏமாற்றினாலும் வாகனத்தில் ஏறாவிட்டால் அது கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான். திறந்து காட்ட முடியாத சரக்கை விற்பவர், காட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். என் பார்வையில் இதைவிட நல்ல விளம்பரம் இத்தொழிலில் கிடையாது.

பட்டியலையும் தாண்டி, கடையிலேயே காட்டி விற்ற முன்னோடிகள் உண்டு. நியூயார்க் ஆறாவது அவென்யூவில் மார்ட்டின்கா சகோதரர்கள் நடத்திய கடையின் பின்னால் ஒரு சிறிய மேடை இருந்தது. தெருவில் போகிறவர்கள் முன்கடையோடு சரி. பின்னறை தொழில் செய்பவர்களுக்கு. அங்கே பேசிப் பழகியவர்கள் சேர்ந்து 1902 மே 10 அன்று அதே பின்னறையில் அமெரிக்க மாயவித்தைக்காரர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கடைக்காரர் நாற்காலியும் வெளிச்சமும் கொடுத்தார். சங்கம் அவர் கடையிலேயே கூடியது. பிற்காலத்தில், 1919-இல், அந்தக் கடையைச் சிறிது காலம் சொந்தமாக வைத்திருந்தவர் விலங்குகளிலிருந்து தப்பும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி.

லண்டனில் கேமேஜஸ் என்ற பெரிய பலசரக்கு அங்காடியில் மாயவித்தைப் பிரிவை நடத்திய வில் கோல்ட்ஸ்டன் செய்த காரியம் இன்னும் சுவையானது. 1912-இல் அவர் வித்தை ரகசியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். தோல் அட்டை, அதில் ஒரு பூட்டு, கூடவே ஒரு சாவி. நகைப்பெட்டி போலப் பூட்டி விற்ற புத்தகம்! அந்தப் பூட்டை உடைக்கத் திருடனுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் வாங்கியவர் கையில் சாவி இருந்தது. அந்தச் சாவிக்குத்தான் அவர் காசு கொடுத்தார். 1921-லும் 1927-லும் இதே போல மேலும் இரண்டு பூட்டிய புத்தகங்கள் வந்தன என்றால் விற்பனை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கோலன் என்ற சிற்றூர்

இனி, இக்கட்டுரைக்கு நாயகமான ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடைப்பட்ட வயல்வெளியில் கோலன் என்று ஓர் ஊர். மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். 1926-இல் அங்கே ஹாரி பிளாக்ஸ்டோன் என்ற புகழ்பெற்ற மேடைக் கலைஞர் நிலம் வாங்கினார். அந்தக் காலத்தில் அரங்கங்களில் குளிர்சாதனம் இல்லாததால் கோடையில் காட்சிகள் நின்றுவிடும். பிளாக்ஸ்டோன் தம் குழுவையும் சாமான்களையும் கொண்டுவந்து கோடை முழுவதும் கோலனில் தங்கி, உடைந்ததைச் சரிசெய்து புதிதை ஒத்திகை பார்ப்பார்.

அடுத்த ஆண்டு, 1927-இல், ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி ஆபட் என்ற மாயவித்தைக்காரர் அவரைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் அந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டார். பிளாக்ஸ்டோனும் ஆபட்டும் கூட்டாக வித்தைச் சாதனங்கள் செய்யும் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் பிளாக்ஸ்டோனுடையது, பட்டறை வேலை ஆபட்டுடையது. சுமார் பதினெட்டு மாதத்தில் கூட்டு முறிந்தது. ஒருவர் பெயரும் இன்னொருவர் உழைப்பும் சேர்ந்த கூட்டு வியாபாரம் எவ்வளவு நாள் ஓடும் என்பது நம் பஜாரில் வயதானவர்களைக் கேட்டாலே தெரியும்.

ஆபட் மறுபடியும் மேடைக்குப் போனார். பின்பு 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்கா முழுவதும் பொருளாதார மந்தத்தில் தவித்த சமயத்தில், அதே கோலனில் தம் சொந்தப் பெயரில் பட்டறை தொடங்கினார். வித்தை கற்றுக்கொள்ள அவரிடம் வந்த ரீசில் போர்ட்னர் என்ற இளைஞர் 1934-இல் பங்காளியானார். நகரத்தில் கடை போட்டால்தான் வியாபாரம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். கிராமத்தில் வாடகை குறைவு, வேலையாள் கூலி குறைவு, பெரிய பெட்டிகளைச் செய்து நிறுத்த இடம் தாராளம். வாடிக்கையாளர் வராத ஊர் என்பது ஒன்றே குறை. அஞ்சலில் பட்டியல் அனுப்பி, ஆர்டர் பெற்று, ரயிலில் சரக்கு ஏற்றுவது என்றால் அந்தக் குறையும் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் அருமை. 1934-இல் மாயவித்தைக்காரர்களைத் தங்கள் பட்டறையைப் பார்க்க வருமாறு அழைத்தார்கள். சுமார் எண்பது பேர் வந்தார்கள். பகலில் சரக்குகளைக் காட்டினார்கள். இரவில் வந்தவர்களே மேடையேறித் தங்கள் வித்தைகளை ஒருவருக்கொருவர் செய்து காட்டினார்கள். இதைக் 'கூடிக் களிப்பது' என்ற பொருளில் கெட்-டுகெதர் என்று அழைத்தார்கள். அதுவே ஆண்டு விழாவாகியது. இடையில் சில ஆண்டுகள் நின்றும் மீண்டும் தொடங்கியும் தலைமுறை தாண்டி நடந்து வந்திருக்கிறது. கோடையில், பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்தில், ஊர் மக்கள் தொகைக்கு ஏறக்குறைய ஈடான கூட்டம் வந்து இறங்கிய ஆண்டுகளும் உண்டு. இரவுக் காட்சிகள் ஊர்ப் பள்ளியின் அரங்கத்துக்கு மாறின.

இதை வணிகக் கண்ணோடு பாருங்கள். கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடிப் போனால் செலவு கடைக்காரருடையது. இங்கே வாடிக்கையாளரே கட்டணம் கட்டி, பயணச் செலவு செய்து வருகிறார். சரக்கைப் பற்றிக் கடைக்காரர் வாய் திறக்க வேண்டியதில்லை. மேடையில் பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் அந்தப் பட்டறைப் பெட்டியில் வித்தை செய்கிறார். கீழே உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான தொழில்காரர்கள் கை தட்டுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவில்லை. ஆனால் அது வேலை செய்கிறது, தொழில் தெரிந்தவர்களையே வியக்க வைக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. திறந்து காட்ட முடியாத சரக்குக்கு இதுதான் மாதிரிப் பிடி.

1936-இல் டாப்ஸ் என்ற மாதப் பத்திரிகையையும் ஆபட் தொடங்கினார். அதில் புதிய வித்தைகள், கலைஞர்கள் பற்றிய செய்திகள், கூடவே தம் பட்டறைச் சரக்குகளின் விளம்பரம். வாடிக்கையாளர் சந்தா கட்டி விளம்பரத்தை வாங்கிப் படித்தார் என்றும் சொல்லலாம். ஆனால் விளம்பரம் மட்டும் இருந்திருந்தால் யாரும் சந்தா கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு தடவை பெட்டி வாங்கிவிட்டு இருபது ஆண்டு வராத வாடிக்கையாளரின் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு நல்ல சாக்கோடு போய்வரும் வழி அது.

பெரிய பெட்டி, சின்னப் பொட்டலம்

அந்தப் பட்டறைகளின் பட்டியலைப் புரட்டினால் பெரிய பெட்டிகள் சில பக்கங்கள்தான். மற்றப் பக்கங்களில் சீட்டுக்கட்டு, பட்டுக் கைக்குட்டை, கோப்பையும் பந்தும், மந்திரக்கோல், கயிறு, நாணயம். ஆளை அறுக்கும் பெட்டியின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பள்ளி மாணவன் வாங்கக் கூடியது ஒரு கைக்குட்டைதான். அவன் வளர்ந்து மேடையேறினால் பெட்டி வாங்க வருவான். வராவிட்டாலும் கைக்குட்டைக்கு நஷ்டமில்லை. பெரிய சாமான் பெயரைக் கொண்டுவரும், சில்லறைச் சாமான் கல்லாவை நிரப்பும் என்பது நம் கடைகளிலும் உள்ள கணக்கு. பெரிய பெட்டி வேலை ஆர்டரின் பேரில்தான். பாதிப் பணம் முன்பணம், பல வாரக் காத்திருப்பு. அந்த வாரங்களில் ஆட்களுக்குக் கூலி கொடுப்பது கைக்குட்டை விற்ற காசாகத்தான் இருக்க முடியும்.

பெட்டியை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வரைபடத்தை மட்டும் விற்ற பட்டறைகளும் உண்டு. அளவும் செய்முறையும் எழுதிய தாள். மரவேலை வாங்குபவர் பாடு. தம் வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொள்ளும் காரியம் போலத் தோன்றும். எப்படியும் எவனோ ஒருவன் அரைகுறையாகக் காப்பி அடிக்கத்தான் போகிறான். அவனிடமிருந்து ஒரு தாளின் விலையாவது வரட்டும் என்பது ஒரு கணக்கு. ஒருமுறை சொந்தமாகச் செய்து பார்த்தவர் அடுத்த முறை பட்டறையிலேயே வாங்கிவிடுவார் என்பது இன்னொரு கணக்கு. இந்தச் சாதனங்களில் ஒரு அங்குலம் பிசகினாலும் சபையோர் கண்ணில் பட்டுவிடும். லாஸ் ஏஞ்சலஸில் 1902 முதல் தொழில் செய்த ஃபிளாய்டு தாயர் அடிப்படையில் கடைசல்காரர். அவர் கடைந்த மரச் சாமான்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ரகசியம் பழசாகிவிட்ட பிறகும் கடைசலுக்கு விலை இருக்கிறது.

வாடகைக்கு விடுவது மற்றொரு வழி. புதிய கார் அறிமுக விழாவில் வெற்று மேடையில் காரைத் தோன்றவைக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி விரும்புகிறது. ஒரு நாள் தேவைக்குச் சாதனத்தை விலைக்கு வாங்க அவர்களுக்கு அவசியமில்லை. நம் ஊர்ப் பந்தல் கடையும் பாத்திரக் கடையும் நடக்கும் அதே முறையில் பெட்டியும் அதை இயக்கும் ஆளும் சேர்ந்து போய்வருகிறார்கள். ரகசியம் பட்டறையை விட்டுப் போவதுமில்லை.

காப்புரிமை வாங்கியவர் கதை

காப்பி அடிப்பவர்களை என்ன செய்வது? மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் ஊர்ப்பெயர் வாங்கிய நம் அங்கத்தினர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முன்னே சொன்ன ஹோரஸ் கோல்டின் சட்டத்தை நம்பினார். பெண்ணை அறுக்கும் வித்தைக்கு 1923-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை என்பது அரசாங்கத்தோடு செய்துகொள்ளும் ஒரு பண்டமாற்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வேறு யாரும் செய்யக் கூடாது என்று அரசு தடை போடும். அதற்கு ஈடாகச் செய்முறையைப் படத்தோடு விளக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுப் பதிவாகிவிடும். கட்டணம் கட்டினால் யாரும் நகல் வாங்கலாம்.

1933-இல் கேமல் சிகரெட் செய்யும் ஆர். ஜே. ரேனால்ட்ஸ் கம்பெனி பத்திரிகைகளில் ஒரு விளம்பர வரிசை வெளியிட்டது. ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு மாயவித்தையின் ரகசியம் படம் போட்டு விளக்கப்பட்டது. ஏமாறுவது வேடிக்கை, உண்மையை அறிவது அதைவிட வேடிக்கை என்பது விளம்பரத்தின் சாரம். பெண்ணை அறுக்கும் வித்தையும் அதில் வந்தது. கோல்டின் வழக்குப் போட்டார். 1938-இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. காப்புரிமை வாங்கியபோதே ரகசியத்தை நீரே ஊருக்குச் சொல்லிவிட்டீர், பிறகு மற்றவர் சொன்னதற்கு என்ன குறை என்பதுதான் தீர்ப்பின் கருத்து. சிகரெட் கம்பெனி பெட்டி செய்து விற்கவில்லை. செய்முறையைச் சொன்னது மட்டுமே. காப்புரிமை செய்வதைத்தான் தடுக்கும், சொல்வதைத் தடுக்காது.

பெட்டியே இல்லாமல் வட்ட ரம்பத்தால் அறுக்கும் புதிய முறை ஒன்றையும் கோல்டின் ஏற்கெனவே அமைத்திருந்தார். அதற்கு அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கவில்லை. நம் நாட்டிலும் இன்றைய சட்டப்படி காப்புரிமை 20 ஆண்டுக்குத்தான். விண்ணப்பத்தில் செய்முறை முழுவதையும் எழுத வேண்டும். பொடியின் பக்குவத்தை இருபது ஆண்டு தாண்டியும் வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ள நினைப்பவர், ஊரறியப் பதிவு செய்ய வேண்டியது வணிகச் சின்னத்தைத்தான்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்பின் வேறு வழியில் போனார். ஒரு பெண் நின்றிருக்கும் அலமாரியின் நடுப்பகுதி அப்படியே பக்கவாட்டில் தள்ளிப்போகும் ஜிக்-ஜாக் என்ற வித்தையை அவர் 1965-இல் மேடையேற்றினார். எங்கும் காப்பிகள் முளைத்தன. 1970-இல் அவர் தம் வித்தைகளை விளக்கும் புத்தகம் ஒன்றை 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு விற்றார். அதை வாங்கியவருக்கு அந்த அலமாரியைச் செய்துகொள்ளும் அனுமதியும் சேர்ந்து கிடைத்தது. ஐந்நூறோடு சரி என்று அறிவித்த பிறகு அந்தப் புத்தகத்துக்கு ஏற்பட்ட கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. காப்பி அடிப்பவர்கள் ஓயவில்லை. இன்றுவரை அந்த அலமாரி உலகெங்கும் அனுமதியில்லாமல் செய்யப்படுகிறது. ஆனால் நாணயமாக வாங்க விரும்பியவர்கள் ஒரு வாசல் வழியாக வந்து காசு கட்டிப் போனார்கள். அதற்கு முன் அப்படிப்பட்டவர்களுக்கு வாசலே இல்லை.

1997-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முகமூடி அணிந்த ஒருவர் பெரிய பெட்டி வித்தைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டத் தொடங்கினார். பெட்டி வாங்கி வைத்திருந்தவர்களும் செய்பவர்களும் கொதித்தார்கள். கடன் வாங்கிப் பெட்டி செய்த கலைஞருக்கு அது அவருடைய முதலில் கை வைத்த மாதிரி. இருந்தாலும் பெட்டி செய்யும் தொழில் நிற்கவில்லை.

சட்டத்தில் ஒரு புதிய வாசலும் திறந்தது. டெல்லர் என்ற அமெரிக்கக் கலைஞர் ரோஜாப் பூவின் நிழலைக் கத்தியால் வெட்டுவார். நிழலில் வெட்டிய இடத்தில் நிஜப் பூவின் இதழ் உதிரும். இதை ஒரு ஊமை நாடகமாக 1983-இல் பதிப்புரிமைக்குப் பதிவு செய்திருந்தார். 2012-இல் ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் இதே போன்ற வித்தையை வீடியோவில் காட்டி ரகசியத்தோடு விற்பதாக அறிவித்தார். டெல்லர் வழக்குப் போட்டார். 2014-இல் நெவாடா நீதிமன்றம் பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. பூ எப்படி உதிர்கிறது என்ற உள்வேலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சபையோர் கண்ணால் பார்க்கும் நாடகத்துக்குத்தான். பெட்டிக்குள் இருப்பதைக் காக்க எழுபது ஆண்டு போராடியவர்களுக்கு, பெட்டிக்கு வெளியே இருப்பதற்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது.

ஆகஸ்டில் கோலன் கடைத்தெரு

ஆபட் 1959-இல் தம் பங்கைப் பங்காளி போர்ட்னருக்கு விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு காலமானார். போர்ட்னர் 1981 வரை இருந்தார். அவருக்குப் பின் மகன் நடத்தினார். பட்டறைக் கட்டடம் முழுவதும் கறுப்பு வர்ணம். சுவர்களில் வெள்ளை எலும்புக்கூடுகள் வரைந்திருக்கும். நகரத்தில் அப்படிக் கடையைப் பூசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிராமத்தில் அதுவே ஊருக்கு அடையாளம்.

ஒரு பட்டறையின் வாடிக்கையாளர்கள் அந்த ஊரின் மற்றக் கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்கள் ஆனதுதான் நம்மைப் போன்ற சங்கத்தார் கவனிக்க வேண்டிய இடம். ஆயிரம் பேர் ஊரில் ஆயிரம் விருந்தாளி வந்தால் தங்க விடுதி ஏது? வீட்டுக்காரர்கள் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் அந்த நாலைந்து நாள் திருவிழா வியாபாரம். ஊர் தன்னை உலகின் மாயவித்தைத் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. பிளாக்ஸ்டோன் 1965-இல் மறைந்தபோது அவரைக் கோலனின் ஏரிக்கரைக் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள். பிறகு வேறு பல மாயவித்தைக்காரர்களும் அங்கேயே இடம் கேட்டு வந்தார்கள். கூட்டு முறிந்த இரண்டு பேருடைய பெயரும் அந்த ஊரில் அருகருகே பேசப்படுகிறது. ஊர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு மேஜை என்று பெயர். மந்திரவாதிகள் என்று அதற்குப் பொருள். தொப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முயல்தான் அவர்களுடைய சின்னம்.